முப்பத்தோராவது பங்கேற்பாளர்

நெருங்கி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். உஸ்தாத் ஷவாத்ஃபிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றாலும், அவருடைய காது மட்டும் இன்னும் பணியில்தான் இருக்கிறது.

எகிப்தில், தமன்ஹூர் ஊரில், கால்வாய் ஓரமாக, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஓர் எலும்பு ஆராய்ச்சி நிலையம். கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மாடியில் அலுவலகம், பின்கட்டில் முயல் வீடு. அந்த முயல் வீட்டில் கூண்டு கழுவி, புல் போட்டு, பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் இன்ஷிராஹ். அவள் புருஷன் பாயூமி, ரொட்டி அடுப்பு முன்னால் நின்று வேலை செய்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டோ அவன் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. எலும்பு முறிந்தது, கம்பி வைத்தார்கள், கம்பியோடு சேர்ந்து ஒரு கிருமியும் உள்ளே போய்க் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து சீழ். மாத்திரை போட்டால் பத்து நாள் அடங்கும், நிறுத்தினால் திரும்பவும் வரும். கிருமி எலும்புக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டர் சுஹேர் என்ற அம்மாள் அதற்கு ஒரு களிம்பு கண்டுபிடித்திருந்தார். வெள்ளையாக, களிமண் பதத்தில் இருக்கும். எலும்பைத் திறந்து சுரண்டிவிட்டு உள்ளே அடைத்தால், கிருமியை அதன் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொல்லும். கெட்டிக்கார அம்மாள். ஆனால் மருத்துவத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. மனிதனுக்கு வைக்கும் முன்னால் பிராணிக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பிராணிக்கு வைக்க வேண்டுமென்றால் முதலில் பிராணிக்கு அந்த நோய் வேண்டும். முயல் நல்ல பிராணி, அதற்குத் தானாக எலும்பில் சீழ் பிடிக்காது. மயக்கம் கொடுத்து, கால் எலும்பில் துளை போட்டு, பாயூமியின் புண்ணிலிருந்தே எடுத்து வளர்த்த கிருமியைச் சொட்டு எண்ணி விட வேண்டும்.

அந்தச் சொட்டு எத்தனை என்று கண்டுபிடிக்க மட்டும் அம்மாளுக்கு ஒரு வருஷம் ஆனது. குறைந்தால் முயல் தானே ஆறிக்கொண்டு புல் கேட்கும். கூடினால் மூன்றாம் நாள் செத்துப்போகும். சாகவும் கூடாது, ஆறவும் கூடாது, அரசாங்கத்துக்குக் கொடுத்த மனு மாதிரி அப்படியே கிடக்க வேண்டும். கடைசியில் அந்த அளவு கிடைத்தது. முப்பது முயல் வாங்கலாம் என்று அம்மாள் மேலே எழுதினார்.

மேலே இருந்தவர்தான் உஸ்தாத் ஷவாத்ஃபி.

அவர் அதுவரை நிலையத்தில் துடைப்பமும் பினாயிலும் வழங்கும் பிரிவைத் திறம்பட நிர்வகித்து வந்தவர். அந்த வருஷம் அவரை ஷர்ம் அல் ஷெய்க் கடற்கரையில் ஓர் ஓட்டலுக்கு நாலு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவர் ஒரு தோல் பை, ஒரு பேனா, ஒரு புதுச் சொல், மூன்றோடும் திரும்பி வந்தார். அந்தச் சொல் ‘பங்கேற்பாளர்’. உலகத்தில் எங்குமே இப்போது முயலை முயல் என்று சொல்வதில்லையாம். வந்த மறுநாளே சுற்றறிக்கை போட்டார்:

‘இனி இந்நிலையத்தின் எந்தக் கோப்பிலும், பேச்சிலும், கூண்டிலும் முயல் என்ற சொல் எவ்வகையிலும் இடம்பெறலாகாது. அது அன்னாரின் கண்ணியத்துக்குக் குறைவு. பங்கேற்பாளர் என்றே வழங்கப்படல் வேண்டும். மீறுவோர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அவர் தலைமையில் ‘பங்கேற்பாளர் கண்ணியக் குழு’ ஒன்றும் அமைந்தது. குழுவில் அவரும், அவருக்குத் தேநீர் கொண்டுவரும் ஆளும், ஒரு தட்டச்சுக்காரியும் இருந்தார்கள்.

முப்பது பங்கேற்பாளர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு படிவம். பெயர், தாயார் பெயர், வயது, எடை, தொழில், கல்வித் தகுதி, நிறம், காதுகளின் எண்ணிக்கை, மீசை உண்டா இல்லையா. வால் என்ற பத்தியை அவரே அடித்துவிட்டார், கண்ணியம் கருதி.

“உஸ்தாத், தாயார் பேருக்கு என்ன எழுதுறது?” என்று இன்ஷிராஹ் கேட்டாள். கூண்டுக்காரி என்பதால் முப்பதுக்கும் அவளையே சட்டபூர்வ பாதுகாவலராக நியமித்திருந்தார்கள்.

“ஏம்மா, தாய் இல்லாம பொறந்ததா?”

“தாய் இருக்கும். பேருதான் இருக்காது.”

“அப்ப நீங்களே ஒண்ணு வைங்க. வெறுமனே விடக் கூடாது. வெறும் கட்டம் இருந்தா மேலருந்து திருப்பி அனுப்பிருவாங்க.”

இன்ஷிராஹ் தன் நாத்தனார் பெயர், தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துவீட்டுக்காரி பெயர் என்று ஆரம்பித்து, தெருவிலுள்ள எல்லாருடைய பெயரையும் எழுதித் தீர்த்தாள்.

அடுத்தது புகைப்படம். விதிப்படி வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும். காது விஷயத்தில் அவ்வளவு திருப்தியான படங்களை அரசாங்கம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் முயல் வெள்ளை, பின்னணி வெள்ளை. படம் கழுவி வந்தபோது ஒவ்வொன்றிலும் இரண்டு சிவப்புக் கண் மட்டும் இருந்தது. ஷவாத்ஃபி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல இவரு யாரு, அவரு யாரு?” என்று கேட்டார். “கீழ பேரு இருக்கே உஸ்தாத்” என்றாள். “ஆமா, இருக்கு” என்று முத்திரை வைத்தார். கழுகு முத்திரை. அது விழுந்துவிட்டால் மேலே பேச்சில்லை.

பிறகு சம்மதம் பெறும் படலம். நாலு பக்க அறிக்கையைப் பங்கேற்பாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஷவாத்ஃபி ஒவ்வொரு கூண்டு முன்னாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார். வாசித்துவிட்டு, “கேள்வி ஏதாவது உண்டா?” என்பார். மூன்று நிமிஷம் காத்திருப்பார். மௌனம் சம்மதமாகக் கருதப்பட்டது. இப்படிப் பன்னிரண்டு நாள். பத்தொன்பதாவது பங்கேற்பாளர் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தைத் தின்றுவிட்டார். இது மறுப்பா, சம்மதமா? குழு கூடியது. பொருளை முழுமையாக உள்வாங்கிக்கொண்டதாகக் கொண்டு சம்மதமே என்று தீர்மானமாயிற்று.

பன்னிரண்டு நாளும் பாயூமியின் காலிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. இன்ஷிராஹ் காலையில் அவனுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவாள்.

எப்படியோ வேலை நடந்தது. சொட்டு விட்டார்கள், நோய் பிடித்தது. களிம்பு வைத்தார்கள். முப்பதில் இருபத்தேழுக்கு ஆறியது. டாக்டர் சுஹேர் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யாருமில்லாத அறையில் கொஞ்சம் ஆடினார் என்று சொல்வார்கள். களிம்புக்கு அனுமதி கேட்டுத் தலைநகரத்துக்கு எழுதினார். பதில் வந்தது:

‘பார்வையில் காணும் களிம்பு, பரிசோதிக்கப்பட்ட பங்கேற்பாளர்களின் வகையினருக்கு மட்டும் பயன்படுத்த இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. பிற வகையினர் பற்றி அடுத்த ஆண்டு கூடும் வேறு குழு பரிசீலிக்கும்.’

எகிப்து தேசம் முழுவதிலும் எலும்பில் சீழ் பிடித்த முயல் அந்த முப்பதுதான். அதிலும் இருபத்தேழு ஆறிவிட்டது, மீதி மூன்றுக்கும் ஏற்கெனவே வைத்துப் பார்த்தாயிற்று. ஆக மருந்து இருந்தது, அனுமதி இருந்தது, நோயாளி மட்டும் இல்லை. களிம்பை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஷவாத்ஃபி இடுப்பில் கட்டிக்கொண்டார். பதிவு பெற்ற பங்கேற்பாளர் தவிர வேறு யாருக்காவது அதைத் தொட்டால் டாக்டரம்மாவின் வேலை போகும், களிம்பும் போகும்.

கீழ்த்தளத்தில் பாயூமியின் காலை எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை, முழங்காலுக்கு மேலே.

“எடுத்துட்டுப் போகட்டும், விடு” என்றான் பாயூமி. “ஒரு கால்ல நின்னு ரொட்டி போட முடியாதா?”

“முடியும். கொக்கு கூட நிக்குது. ஆனா அது ரொட்டி போட்டுப் பார்த்திருக்கியா?” என்றாள் இன்ஷிராஹ்.

அவள் டாக்டரம்மாவிடம் போனாள்.

“டாக்டரம்மா, பதிவான பங்கேற்பாளரா இருந்தா களிம்பு வைக்கலாமா?”

“வைக்கலாம்.”

“அந்தப் படிவத்துல எங்கயாவது அந்தப் பிராணியோட பேரு இருக்கா?”

டாக்டர் சுஹேர் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தார். திருப்பியும் பார்த்தார். “இல்ல” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்ஷிராஹ், நான் எதையும் கேக்கல. நீ எதையும் சொல்லல.”

மறுநாள் இன்ஷிராஹ் பாயூமியை ரொட்டித் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு மாடிச் சரிவில் ஏறினாள். ஷவாத்ஃபி முன்னால் நிறுத்திப் படிவத்தை நீட்டினாள்.

“இது என்னம்மா?”

“முப்பத்தோராவது பங்கேற்பாளர், உஸ்தாத்.”

“இது பாயூமி! ரொட்டிக்கார பாயூமி!”

“பேரு அதான். முதல் கட்டத்துலயே எழுதியிருக்கேன் பாருங்க.”

“இவரு மனுஷன்மா!”

“மனுஷன் பங்கேற்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?”

“அனுமதி அந்த வகையினருக்குத்தான் வந்திருக்கு. அந்த… அந்த…”

“எந்த வகை உஸ்தாத்? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

ஷவாத்ஃபி வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் இருந்தது. எதிரே தட்டச்சுக்காரி விரலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரலை ஆட்டிக் காட்டினார்.

“காது நீளமா?” என்றாள் இன்ஷிராஹ். “படிவத்துல எத்தனைன்னுதான் கேட்டிருக்கு. இவருக்கும் ரெண்டுதான்.”

முப்பது கோப்பையும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். தாயார் பெயர், உண்டு. காது, இரண்டு. மீசை, உண்டு. பாயூமியின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாயார் பெயர், உண்டு. காது, இரண்டு. மீசை, உண்டு, அடர்த்தி. ஆவணப்படி பார்த்தால் முப்பத்தோரு பேரும் ஒரே வகையினர். கல்வித் தகுதி மட்டும் பாயூமிக்கு மூன்றாம் வகுப்பு கூடுதலாக இருந்தது. நோயுற்ற நாள் என்ற இடத்தில் மற்றவர்களுக்கு ஆறு வாரம், இவனுக்கு இரண்டு வருஷம். அது பங்கேற்பில் கூடுதல் ஆர்வத்தைக் காட்டியது.

“எடை தொண்ணூத்தி நாலு கிலோ” என்றார் கடைசியில், குறை ஒன்று கிடைத்த நிம்மதியோடு. “தீனி அதிகமாப் போடறீங்கம்மா.” ஓரத்தில் ‘உணவைக் குறைக்கவும்’ என்று எழுதினார்.

பிறகு நாற்காலியைத் தள்ளுவண்டி முன்னால் இழுத்துப் போட்டு, நாலு பக்க அறிக்கையை வாசித்தார்.

“கேள்வி ஏதாவது உண்டா?”

“உண்டு உஸ்தாத்” என்றான் பாயூமி. “வலிக்குமா?”

ஷவாத்ஃபி திடுக்கிட்டுப் போனார். முப்பது பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. படிவத்தில் பதிலுக்கு இடமும் இல்லை.

“மத்தவங்க எல்லாம் எவ்வளவு ஒத்துழைப்பு கொடுத்தாங்க தெரியுமா?” என்றார் வருத்தத்தோடு. “மூணு நிமிஷம் சும்மா இருங்க.”

பாயூமி மூன்று நிமிஷம் சும்மா இருந்தான். கழுகு முத்திரை விழுந்தது.

விதி என்றால் விதி. சிகிச்சைக்கு முன்னால் பங்கேற்பாளர் ஏழு நாள் பின்கட்டில் தங்கி இடத்துக்குப் பழக வேண்டும். கூண்டு இரண்டடிதான் என்பதால், ஒரு கட்டிலைப் போட்டு அதன் காலில் முப்பத்தொன்று என்று அட்டை கட்டினார்கள். தினம் காலையில் பாயூமிக்கு ஒரு கட்டுப் புல் கணக்காக வந்தது. அதை இன்ஷிராஹ் பக்கத்துக் கூண்டுகளுக்குப் பங்கிட்டுவிட்டு, அவனுக்கு ஃபூல் பயறும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்தாள். “நல்ல ஆளுங்கதான்” என்றான் பாயூமி அக்கம்பக்கத்தாரைப் பார்த்து. “ஆனா வாயைத் திறந்து ஒரு சலாம் சொல்ல மாட்டேங்கறாங்க.”

எட்டாம் நாள் டாக்டர் சுஹேர் எலும்பைத் திறந்தார், சுரண்டினார், களிம்பை அடைத்தார். ஒரு மாதத்தில் சீழ் நின்றது. மூன்றாம் மாதம் படம் எடுத்தபோது எலும்பு கூடிக்கொண்டிருந்தது. நாலாம் மாதம் பாயூமி இரண்டு காலில் அடுப்பு முன்னால் நின்று, வரிசையில் நின்றவர்களைத் திட்டினான். தெருவே சந்தோஷப்பட்டது.

அப்போதுதான் கடிதம் வந்தது.

‘ஆய்வு இனிதே நிறைவுற்றதையொட்டி, விதி நாற்பதின்படி, பங்கேற்பாளர் எண் 31-க்கு நன்றி கூறும் நிகழ்வு வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நடைபெறும். பாதுகாவலர் அன்னாரைத் தவறாது ஆஜர்படுத்தவும்.’

“பார்த்தியா!” என்றான் பாயூமி. “அரசாங்கத்துல எனக்கு நன்றி சொல்லப்போறாங்க. அந்தக் கோடு போட்ட சட்டையை எடுத்து வை.”

இன்ஷிராஹ் சட்டையை எடுக்கவில்லை. முப்பது பேருக்கும் போன மாதம்தான் நன்றி சொன்னார்கள். ஆறின எலும்பை வெட்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால்தான் ஆய்வு முடிந்ததாகக் கணக்கு. ஷர்ம் அல் ஷெய்க்கில் அதைக் கொல்லுவது என்று சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். நன்றி சொன்ன பிறகு காலியான முப்பது கூண்டையும் கழுவியவள் அவள்.

டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

“மனுஷன்னு நான் எழுதிக் கொடுக்கலாம்” என்றார் டாக்டர் சுஹேர். “கொடுத்தா, மனுஷனுக்குத் திருட்டுத்தனமாக் களிம்பு வச்சேன்னு ஆகும். களிம்பைக் கொட்டிருவாங்க. கீழ வார்டுல இன்னும் நாப்பது கால் காத்துக்கிட்டு இருக்கு, இன்ஷிராஹ்.”

“உங்களுக்கு என்ன வேணும் டாக்டரம்மா? ஆளா, எலும்பா?”

“எலும்புதான். கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவுல உள்ளது. ஒண்ணு போதும்.”

“மத்ததெல்லாம்?”

“பாதுகாவலர்கிட்ட ஒப்படைக்கணும். அதுவும் விதிதான்.”

இன்ஷிராஹ் சந்தைக்குப் போனாள். நாலு வரிசை தேடி, கோதுமை நிறத்தில், கொழுத்ததாக, ஒரு முயல் வாங்கினாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அதைக் கூடையில் கொண்டுபோய் ஷவாத்ஃபியின் மேசைமேல் வைத்தாள்.

அவர் கோப்பைத் திறந்தார். கோப்பில் பாயூமியின் புகைப்படம் இருந்தது. படத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“பெயர்?”

“பாயூமி.”

“நிறம்?”

“கோதுமை. எழுதியிருக்கே.”

“மீசை…” கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இருக்கு. எடை?”

“இரண்டரை கிலோ, உஸ்தாத்.”

“தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கே?”

“நீங்கதானே தீனியைக் குறைக்கச் சொன்னீங்க?”

ஷவாத்ஃபி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முப்பது வருஷப் பணியில் எழுதிய குறிப்புகளில் ஒன்றையாவது யாராவது நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. “இப்படி ரெண்டு பேரு இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்மா” என்றார். கூடைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றியுரையை வாசித்தார். “போன தடவை நிறையக் கேள்வி கேட்டீங்க. இப்ப நல்லா பக்குவம் வந்திருக்கு” என்று பாராட்டவும் செய்தார்.

“மீதி நன்றியை நான் சொல்லிக்கறேன் உஸ்தாத்” என்று இன்ஷிராஹ் கூடையைத் தூக்கிக்கொண்டாள். பின்கட்டில் தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை வைத்தாள். டாக்டரம்மா ஒரு கால் எலும்பை எடுத்துக்கொண்டார். மீதியை ஒப்படைக்கும் ரசீதில், ‘பாயூமி என்பாரின் எஞ்சிய பகுதிகளை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் இன்ஷிராஹ் கட்டைவிரல் வைத்தாள்.

அந்த எலும்பு செய்த வேலையைக் கேளுங்கள். நிலைய ஆட்களே அதைச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தலைநகரத்துக்கு எழுதினார்கள்: நோய் ஆறியது மட்டுமல்ல, நோய் வந்ததற்கே அடையாளம் இல்லை. துளை போட்ட தழும்புகூட இல்லை. உண்மையாக ஆறிய இருபத்தேழு எலும்பைப் பார்த்து அசையாத பெரியவர்கள், நோயே வராத இந்த ஒற்றை எலும்பைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மனிதர்களுக்கும் வைக்கலாம் என்று ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. நாற்பது காலும் இன்று தெருவில் நடக்கின்றன. ஷவாத்ஃபிக்குக் கேடயம் கொடுத்தார்கள். ‘முயல்’ என்ற சொல்லை ஒழித்ததற்கு. அந்தக் கேடயத்தில் அந்தச் சொல் இருந்ததால் அதைச் சுவரில் மாட்ட முடியாமல் போனது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை பாயூமி அடுப்பை அணைத்துவிட்டு, சூடான ரொட்டி நாலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே முலூகிய்யாக் கீரை மணத்தது. பூண்டும் கொத்தமல்லியும் நெய்யில் பொரிந்த மணம்.

“என்ன விசேஷம்?” என்றான். “முயல் கறியா? பெருநாள்கூட இல்லையே.”

“விசேஷம் இல்ல. இழவு.”

“அல்லாஹ் காப்பாத்தட்டும்! யாரு போயிட்டா?”

“நீதான். காலைல ஒன்பது மணிக்கு. கை கழுவிட்டு வந்து உக்காரு.”

பாயூமி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இன்ஷிராஹ் கரண்டியை விட்டுச் சட்டியைத் துழாவி, டாக்டரம்மா எடுத்தது போக மிஞ்சியிருந்த மற்ற காலை எடுத்து, அவன் தட்டில் வைத்தாள்.